பெரியநாச்சி பாடிய மாடம்

மதுரை ரத்தினவிலாஸ் நாடக அரங்கின் சுவருக்குப் பேச்சு வந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த அரங்கின் கட்டட வரலாற்றை, இருபத்திரண்டு வருடம் தூண் தூணாக அளந்து எழுதியவள் நான். இப்போது என் புத்தகத்தை ஒருவரும் தேடுவதில்லை. சுவரே சொல்லும்போது நான் எதற்கு?

வயிற்றெரிச்சல் தாங்காமல் அது பேசுவதைக் கேட்க நானும் சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"இந்த மேல்மாடத்த 1926ல கட்டுனப்ப சுண்ணாம்பு சுமந்தவ பெரியநாச்சி," என்றது சுவர், கனிந்த குரலில். "அவ பாடிப் பாத்து, சத்தம் எதிரொலிக்குதுன்னு சொன்ன பிறகுதான் மரக்கூரையத் தாழ்த்துனாங்க. அந்தக் குரல் இன்னும் எனக்குள்ள இருக்கு."

பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியநாச்சி என்று ஒருத்தி இருந்ததே இல்லை. என் புத்தகத்தைக் காப்பியடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்று நானே நுழைத்த பொய் அவள்.

கூட்டம் கலைந்ததும் சுவரிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"பூங்கோதைன்னு ஒருத்தி டேப்பும் நோட்டுமா தெனமும் இங்க வருவாளே, ஞாபகம் இருக்கா?"



"இல்லையேம்மா. அப்படி யாரும் எனக்கு ஞாபகத்துல இல்ல. பெரியநாச்சியப் பத்திச் சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றேன்.

அவளுக்குப் புத்தகத்தில் நான் போடாத மூக்குத்தியைக்கூட அது போட்டு வைத்திருந்தது.