போட்டோவில் இருந்த மீசை

"லைசென்ஸ் போட்டோவுல முறுக்கு மீசை இருக்கு, உன் மூஞ்சியில இல்லையே! மீசை வளர்ந்ததும் வா, புதுப்பிச்சுத் தாரேன்."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க் தவமணி தன் பெரிய மீசையைத் தடவிக்கொண்டே பழைய லைசென்ஸை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்.

சோணையின் மொட்டைத் தலை வரை சூடு ஏறியது. "சார், இன்னையோட தேதி முடியுது. சோழவந்தான்லருந்து மோட்டார் சைக்கிள்ல வெத்தலை கொண்டாந்து வித்துத்தான் பொழைக்கிறேன். மீசை வளர்ற வரைக்கும் எம்புள்ளைக பட்டினி கெடக்கவா?"

"ஏம்ப்பா மீசையை எடுத்த?" வரிசையில் பின்னால் நின்றவர் கேட்டார்.

"எங்கய்யா போன வாரம் செத்துட்டாருண்ணே. கொள்ளி வச்சவன் மொட்டை போட்டு மீசையை எடுக்காம இருக்க முடியுமா?"

வரிசையே உச்சுக் கொட்டியது. "எழவு வீட்டுக்காரன் சார், பாத்து முடிச்சு விடுங்க" என்றார் அவர்.

தவமணி தலை நிமிரவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. இவன்தான் சோணைன்னு நான் எப்படி நம்புறது?"

சோணை ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"போதும்ணே! இனியும் உன்னைய சார்னு கூப்பிட மாட்டேன். செத்தது உனக்கும் அய்யாதானே? சேதி சொல்லி விட்டும் எட்டிப் பாக்கல. மூத்தவன் நீ வைக்க வேண்டிய கொள்ளிய நான் வச்சேன். என் மூஞ்சிய விடு. உன் மூஞ்சியில எதுக்குண்ணே இன்னும் மீசை இருக்கு?"