ஒன்பதாம் எண்காரனின் போன்

தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் தலைக்கு மேலே நடக்கிறது. கீழே, உடை மாற்றும் அறையில், அணியின் ஜெர்சிகளைத் துவைத்து மடிப்பவர் தனியாக இருக்கிறார். ஆட்டக்காரர்கள் போன்களைப் போட்டுவிட்டுப் போகும் பையும் அவர் பொறுப்பு என்பதால் நகர முடியாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. கூரை அதிர்ந்தால் கோல் என்று எடுத்துக்கொள்வார். இப்போது அதிர்கிறது. டியூப்லைட்டிலிருந்து தூசு உதிர்ந்து, மடித்து வைத்த துண்டுகள்மேல் படிகிறது. யார் அடித்தது என்று கேட்க ஆளில்லை. பைக்குள் ஒரு போன் முனகுகிறது. ஒன்பதாம் எண்காரனுடையது. திரையில் ‘அம்மா’. நின்றுவிட்டு, மறுபடியும் முனகுகிறது. அடுத்தவர் போனைத் தொடக் கூடாதுதான். என்ன அவசரமோ என்று மனசு கேட்காமல் எடுக்கிறார்.

“அம்மா, உங்க பையன் இன்னும் கிரவுண்டுலதான் இருக்கான்.”

“தெரியும்ப்பா, டிவியில பாத்துட்டுத்தான் இருக்கேன். கோல் அடிச்சுட்டான்! வீட்ல ஒருத்தரும் இல்ல. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு, கை தானா அவன் நம்பரையே போட்டுடுச்சு. நீங்க பாத்தீங்கல்ல?”

அவர் மூடிய கதவைப் பார்க்கிறார். துண்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்பதாம் எண்காரனின் சட்டை தொங்கும் கொக்கிக்குக் கீழே உட்காருகிறார்.

“இல்லம்மா. சொல்லுங்க, எப்படி அடிச்சான்?”