ஆளில்லாத மலை

அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை வெள்ளையர்கள் துரத்திவிட்ட மலையில், கல் உடைத்தே வளர்ந்த சின்ன ஊர் அது. ஊரின் நூற்றாண்டு விழாவுக்காக மலையுச்சியிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். "ஆளில்லாத மலையில் ஊர் அமைத்தோம்" என்று அதில் வெட்ட வேண்டுமாம்.

முதல் எழுத்திலேயே உளியின் முனை மழுங்கியது. தீட்டிக்கொண்டு வந்தும் மறுபடி மழுங்கியது.

"உனக்கு ஏன் இவ்வளவு திமிர்? சொன்னதை வெட்டுறதுதானே என் வேலை," என்று சீறியது உளி.

"வேற எதை வேணும்னாலும் வெட்டு. அந்தப் பொய்யை மட்டும் என் மேல வெட்ட விடமாட்டேன்," என்றது கல்.

இந்தப் பக்கம் சரிப்படாது என்று ஆட்கள் கல்லைப் புரட்டிப் போட்டார்கள். அடியில் வழவழவென்று ஒரு குழி இருந்தது. செரோக்கிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் இடித்த குழி.



"இப்ப வெட்டு, பார்ப்போம்," என்றது கல்.