ஸ்பெயினுக்குப் போன ஏற்காட்டுக்காரர்

திரை போட்ட கல்வெட்டின் முன்னால் அமீர் ஜானுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏனுங்க தலைவரே, என் பேரை எடுத்துருங்க."

"கல்லுல வெட்டியாச்சுங்க பாய்," என்றார் விழாத் தலைவர் பொன்னுவேல். "ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கி இந்த எண்பத்தாறோட அம்பது வருசம். மக்கள் அரசுக்காகச் சண்டை போட இந்த மலையிலிருந்து போன ஒரே ஆளு நீங்க. சேலத்திலிருந்து மூணு பஸ்ல கூட்டம் வந்திருக்குது. இப்பப் போயி..."

கைதட்டல் எழுந்தது. பொன்னுவேல் திரைக் கயிற்றைப் பிடித்தார். அமீர் ஜான் அந்தக் கையைப் பிடித்தார்.

"நான் அந்தப் பக்கமே இல்லீங்க. எங்க எஸ்டேட் துரை எதிர்ப்பக்கம், அந்த அரசைக் கவுக்க வந்த ஜெனரலோட படையில சேர்ந்தாரு. என்னையும் கூட்டிட்டுப் போனாரு. எந்தப் பக்கம்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

பொன்னுவேல் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"துப்பாக்கியே தொடலீங்க. நான் சமையல்காரன். குளுருக்கு இதமா இருக்கட்டும்னு நம்ம மலை மிளகைத் தட்டிப் போட்டு ஒரு ரசம் வெச்சேன். நாப்பது சிப்பாயும் வயித்தைப் புடிச்சுட்டுப் படுத்தவங்க, ரெண்டு நாள் சண்டைக்கே போகலீங்க. துரை என்னைத் துரத்திட்டாரு."

பொன்னுவேல் கையை விடுவித்துக்கொண்டு கயிற்றை இழுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"தோழர்களே, எதிரிப் படையில் நாற்பது பேரைத் தனி ஆளாகச் சாய்த்த வீரர் இவர்."