தலையாட்டி வைத்த ஊர்

ஒரே ஒரு தலையாட்டலில் ஒரு கடற்கரைக் குப்பத்தையே கிளப்பியவன் நான்.

சர்வதேச வளர்ச்சி மாநாட்டுக்கு இப்போது அதிகாரிகள் போவதில்லை. குலுக்கலில் பேர் விழுந்தவர் வீட்டிலேயே மாநாட்டைக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அமர்வு முடியும்வரை அது கழலாது. வாய்ப்பேச்சு சேர்த்தி இல்லை, தலையசைவுதான் ஓட்டு.

நைரோபிப் பெண்மணி ஒருவர் எங்கள் ஊர்க் கடற்கரைக் குப்பத்தை அப்புறப்படுத்தும் திட்டத்தை ஆசை ஆசையாக விளக்கினார். பேசுகிறவர் மனம் நோகக்கூடாதே என்று, நம் வழக்கப்படி தலையாட்டிக்கொண்டே கேட்டேன். சம்மதமாகப் பதிவாகிவிட்டது.

“நீங்க ஆட்டினா குப்பம் நகருமா? எங்க அக்காவே நகர மாட்டா,” என்று சிரித்தான் மைத்துனன் தணிகைவேல். அந்தக் குப்பத்தில்தான் அவன் வீடு.

மறுநாள் காலை பாயும் கையுமாக வந்து நின்றான். கண்ணாடிக்குள் அதே பெண்மணி, அதே ஆசையோடு, எங்கள் தெருவைப் பற்றித் தொடங்கியிருந்தார். என் கழுத்து தானாக அசையப் பார்த்தது.

தணிகைவேல் பாயைப் போட்டுவிட்டு என் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான்.

“இப்பவாவது நம்புறியா?”

“நம்புறேன் மாமா. வீடு போயிடுச்சு. ஆட்டாதீங்க.”