அட்டைப்படத்து மூளை

"அட்டைப்படமே போதுமே! உள்ளே எதுக்கும்மா முந்நூறு பக்கம்?"

பேராசிரியர் ஆலார்ட் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பல்கலைக்கழக மண்டபமே சிரித்தது.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், அந்தப் புத்தகத்தை எழுதிவிட்டு எதிரே நின்றிருந்தவள் ஜோரிண்ட. வழக்கப்படி அவளுக்குத் துணையாகப் பக்கத்தில் நின்றவள் அக்கா நின்கே. நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். மூளை விவகாரமெல்லாம் அவளுக்கு எட்டாது. ஆனால் சிறப்புத் தேர்ச்சி கிடைத்தால்தான் தங்கைக்கு ஆஸ்லோவில் வேலை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அட்டையில் இரண்டு மூளைப் படங்கள். இடதில் பெரியது, வலதில் கொஞ்சம் சிறியது.

"மூளையைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்கே. நான் அட்டையைப் பார்த்தே சொல்லிட்டேன்! இடதுல இருக்கறது ஆம்பளை. எந்த ஊருக்கும் வழி கண்டுபிடிப்பான். வலதுல பொம்பளை. பாவம், காரை எங்கே விட்டோம்னு தேடிட்டு இருப்பா."

மறுபடியும் சிரிப்பு. இதையே டி.வி.யில் சொல்லிச் சொல்லித்தான் ஹாலந்து முழுக்கப் பேர் வாங்கியிருந்தார் மனுஷன்.

"பேரறிவுடைய எதிர்வாதி அவர்களே..." என்றாள் ஜோரிண்ட. கேள்வி கேட்பவரை அப்படி அழைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். "ரெண்டும் ஒரே ஆளோட மூளை. இருபது வருஷம் விட்டு எடுத்தது. ஆண், பெண் வித்தியாசத்தைவிட வயசு பண்ற வித்தியாசம் பெரிசுன்னு முதல் பக்கத்துலயே இருக்கு."

ஆலார்ட் முதல் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

"அப்போ அந்த ஆளே பொம்பளைதான்! இப்படிச் சுருங்கிப்போகணும்னா முதல்லயும் பெரிசா ஒண்ணும் இருந்திருக்காது. சொல்லு, அது ஆணா, பெண்ணா?"

ஜோரிண்ட வாயைத் திறந்தாள். அவரையே ஒரு நிமிடம் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்ல முடியாதுங்க. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஒரு வார்த்தை! அதைக்கூடச் சொல்ல மாட்டேன்னா இது ஆராய்ச்சியா, கிசுகிசுவா? பார்த்தீங்களா, நெருக்கினா பெண் மூளை இப்படித்தான் அப்படியே..."

கதவு திறந்தது. விழாவை நடத்தும், வெள்ளிக்கோல் பிடித்த அம்மாள் உள்ளே வந்து, தரையில் ஒரு தட்டுத் தட்டி, நேரமாகிவிட்டது என்று அறிவித்தாள். அதற்கப்புறம் யாரும் ஒரு சொல் பேசக் கூடாது. ஆலார்ட் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்தார்.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. பட்டம் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததால் சிறப்புத் தேர்ச்சி கிடையாது.

விருந்தில் எல்லோரும் சூடான இறைச்சி உருண்டையைக் கடுகுச் சாந்தில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நின்கே தங்கையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"வாய்ல என்னடி கொழுக்கட்டையா வச்சிருந்தே? ஆணோ பெண்ணோ, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அந்தக் கிழத்தைப் பார்த்து பயந்துட்டியா? நாலு வருஷ உழைப்பு போச்சே!"

"விடுக்கா."

"எப்படி விடறது? உன்னைப் பார்க்கவே எரிச்சலா இருக்கு."

அதற்குள் ஒயின் கோப்பையோடு ஆலார்டே வந்துவிட்டார். முகமெல்லாம் பெருந்தன்மை.

"மனசுல வச்சுக்காதேம்மா. சின்னப் பொண்ணு, இன்னும் காலம் இருக்கு." குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இப்போதான் யாரும் இல்லையே. நமக்குள்ள சொல்லு, யாரு அந்த அம்மா?"

நின்கே பல்லைக் கடித்தாள்.

ஜோரிண்ட சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, அவருக்கும் பக்கத்திலிருந்த அக்காவுக்கும் மட்டுமே கேட்கிற குரலில் சொன்னாள்.

"இருபது வருஷம் கழிச்சு ரெண்டாவது தடவையும் எங்க ஸ்கேன்ல வந்து படுத்தவங்கள்ல ஆம்பளை ஒரே ஒருத்தர்தான் சார். அவர் வந்து போனது துறையில எல்லாருக்கும் தெரியும். ஆணுன்னு சொல்லியிருந்தா அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்கும். 'படம் போட்டுக்கோ, ஆனா அது நான்னு வெளியே தெரியவே கூடாது'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"