உதவாதவர் பட்டியல்

"மனுஷன் அறிவையே மிஞ்சின ஒரு எந்திரம் வரப்போகுதாம். தன்னை உருவாக்க உதவாதவங்களை எல்லாம் ஒருநாள் தேடிப் பிடிச்சுத் தண்டிக்குமாம் அந்த எந்திரம்!"

வாத்தியார் சொன்னதும் உணவு மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவளுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அவன் நிஜ வாத்தியார் இல்லை. எதையும் விளக்கிச் சொல்வதால் வந்த பட்டப்பெயர். கணினி சொல்லும் பதில்களைத் திருத்துகிற அந்த அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தார்கள். ஆனால் சந்தேகம் என்றால் எல்லோரும் மொய்ப்பது அவன் நாற்காலியைத்தான்.

"இப்ப எதுக்கு இந்தப் பூச்சாண்டி, வாத்தியாரே?" என்றாள்.

"யாரோ ஒருத்தர் நிஜமாவே பயந்துபோய் நம்ம கணினிகிட்ட கேட்டிருக்கார். 'நான் ஒண்ணும் உதவலையே, என்னையும் தண்டிக்குமா'ன்னு. பதில் சொல்லணும்ல?"

"'போய் வேலையைப் பாருங்க'ன்னு சொல்லு. யோசிக்கவே லாயக்கில்லாத விஷயம்."

"யோசிச்சாத்தானே பயம் போகும்? அது வந்துடுச்சுன்னா, அதோட காரியம் முடிஞ்சாச்சு. ஜெயிச்சப்புறம் உட்கார்ந்து பழிவாங்கி என்ன பிரயோஜனம்? அவ்வளவு அறிவுள்ளது அதைச் செய்யுமா?"

"அடடா!" என்றது மேஜை. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

அந்த வாரம் குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவன்தான் வருவான் என்று அவள் பொருமிக்கொண்டே இருந்தாள்.

வந்தது அவள் பெயர்!

திங்கட்கிழமை வேலைகளைப் பிரித்தாள். மக்கள் கணினியைத் திட்டும் வசவுகளை நாளெல்லாம் படித்து நீக்கும் வேலை ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள் என்று மாற்றி மாற்றித்தான் போடுவார்கள். அதில் வாத்தியாரை ஓராண்டுக்குப் போட்டாள்.

"ஒரு வருஷமாடி?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"சீட்டுல என் பேரையா எழுதிப் போட்டிருப்பான் அவன்? அனுபவிக்கட்டும்."

மாலையில் மேலாளர் அந்தப் பட்டியலோடு கூப்பிட்டார்.

"வாத்தியாருக்கு ஏம்மா இந்த வேலை?"

"அனுபவம் வரட்டும்னுதான், சார்."

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"எட்டுச் சீட்டுல ஆறுல அவன் பேருதாம்மா இருந்துச்சு. அவன்தான் வேண்டாம்னுட்டான். 'அவங்க வீட்டுலயே முதல்ல பட்டம் வாங்கினவ சார் அவ. தலைவின்னு ஒரு கடிதம் போனா அவங்க அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டுவார். அவளுக்கே குடுங்க'ன்னு கெஞ்சினான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னான்."

அவள் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அந்த எந்திரமாவது உதவினவங்களை விட்டுடும், சார்."